ஆவணக் காப்பக நண்பர்களுக்கு மாதப் பேச்சு: எதைப் பேச வைப்பது?

காவிரிக்கரை_வாசகி:

வணக்கம். கும்பகோணத்தில் சின்ன அளவில் ஓர் ஆவணக் காப்பகம் நடத்துகிறோம். ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய பத்திரம், கடைக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, நகராட்சி நோட்டீஸ் என்று ஓர் அறை நிறைய இருக்கிறது. சந்தா கட்டி ஆதரிக்கிறவர்களுக்காக மாதம் ஒரு உள்ளூர் வரலாற்றுப் பேச்சு வைக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், யாரைக் கூப்பிட்டாலும் சோழர் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் மகாமகப் புராணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறையில் இருக்கும் ஒரு காகிதம்கூட அந்தப் பேச்சில் வருவதில்லை. 1866ல் நகராட்சியாகி 2021ல் மாநகராட்சியான ஊர் இது. நடுவில் இருக்கும் நூற்றைம்பது வருஷத்தைப் பற்றிப் பேச ஆளே இல்லையா? "காப்பகத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று சந்தாதாரர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிக் கூட்டம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மேலவீதி_செந்தில்:

அக்கா, பழைய கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) குடும்பங்களைத் தேடிப் பிடிங்க. 1980ல அந்தப் பதவியை எடுத்தப்போ ஆபீஸ் கணக்கெல்லாம் ஒப்படைச்சுட்டாங்க, ஆனா சொந்தக் குறிப்பு நோட்டு இன்னும் பல வீட்டுப் பரண்ல கிடக்கு. எங்க தாத்தாவோடது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. நில அளவெல்லாம் வேலி, மா, குழின்னு எழுதியிருக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, அது எனக்கும் தெரியும். மாகாணி, அரைக்கால், முந்திரின்னு பின்னங்களுக்குப் போடுற குறியைப் பார்த்தா கண்ணைக் கட்டிடும். முந்திரின்னா முந்நூற்றிருபதுல ஒரு பங்கு. அப்பா அதைத் தடுமாறாம வாசிப்பார். அவர் மாதிரி ஆட்கள் இருக்கும்போதே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி ரெக்கார்டு பண்ணிடுங்க.

பழையகட்டு:

அம்மா, நான் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பேச்சாளரைத் தேடாதீர்கள், முதலில் காகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாலைக்கு ஒரு காகிதம் போதும்.

உங்களிடம் கிரயப் பத்திரம் நிச்சயம் இருக்கும். பழையதாக ஒன்றை எடுத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் திரையில் பெரிதாகக் காட்டுங்கள். தேதியிலேயே அரை மணி நேரம் ஓடும். "காளயுக்தி வருஷம் ஐப்பசி மாதம்" என்று இருந்தால் அது எந்த வருஷம்? அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1858ம் காளயுக்திதான், 1918ம் காளயுக்திதான். முத்திரைத்தாளில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ் தலை என்றால் 1918. பசலி (வருவாய்த் துறைக் கணக்கு வருஷம்) 1328 என்றும் எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் வந்துவிடும், ஜூலையிலிருந்து கணக்கு. இதை நீங்கள் சொல்லாதீர்கள், கூட்டத்தையே கண்டுபிடிக்க விடுங்கள்.

அடுத்தது பின்பக்கம். முத்திரைத்தாள் விற்கும் வெண்டர் யாருக்கு, எந்தத் தேதியில் தாளை விற்றார், சப்-ரிஜிஸ்திரார் முன்னால் யார் பெருவிரல் வைத்தார், அடையாளம் காட்டிய சாட்சிகள் யார் யார், எல்லாம் அங்கே இருக்கும். பிறகு சொத்து விவரத்தில் நான்கெல்லை. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, சந்துக்கு வடக்கு, ராஜவீதிக்குத் தெற்கு என்று போகும். ஒரே தெருவில் நாலைந்து பத்திரம் சேர்ந்தால் எல்லையோடு எல்லையைப் பொருத்தி அந்தத் தெருவையே வரைந்துவிடலாம். எந்தக் கிணறு இருவருக்கும் பொது, எந்தச் சந்து இன்றைக்கு அடைபட்டுப் போனது என்பதெல்லாம் தெரியவரும். அந்தத் தெருப் பெரியவர்கள் நாலு பேர் வந்திருந்தால், பேச்சாளர் உட்கார்ந்துவிடலாம். மீதியை அவர்களே பேசுவார்கள்.

இன்னொரு மாலையில், எந்தக் காகிதம் தப்பிக்கிறது, எது அழிகிறது என்பதையே பேசலாம். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஆயுள் எழுதிவிடுவோம். கோப்பின் மேல் போடும் குறியிலேயே அது தெரியும்: எல்.டிஸ் என்றால் ஒரு வருஷம், கே.டிஸ் மூன்று வருஷம், டி.டிஸ் பத்து வருஷம், ஆர்.டிஸ் நிரந்தரம். நில உரிமை பற்றிய கோப்பு காலத்துக்கும் நிற்கும். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட மனு நிற்காது. அதனால் அரசு ரெக்கார்டில் நிலம் தெரிகிற அளவுக்கு மனுஷர் தெரிவதில்லை. வீட்டுப் பரணிலிருந்து உங்களுக்கு வந்து சேரும் கடைக் கணக்கும் கடிதமும்தான் அந்த இடத்தை நிரப்பும். உங்கள் அறையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:

பழையகட்டு ஐயா சொன்னது அருமை. ஆனால் பத்திரத்தை மட்டும் வைத்துப் பேசினால் சொத்து இருந்தவர்கள் கதைதானே வரும்? குடியிருந்தவர்கள், கூலிக்குப் போனவர்கள், தெருக் கூட்டியவர்கள் எங்கே?

நான் சுகாதாரத் துறையில் இருந்தவள். பழைய இறப்புப் பதிவேடு ஒன்றில் 1918 அக்டோபர், நவம்பர் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஃப்ளுயன்சா உச்சத்தில் இருந்த மாதங்கள். காரணம் எழுதும் இடத்தில் "காய்ச்சல்", "காய்ச்சல்" என்று மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்து. பச்சைக் குழந்தைகள், இருபது முப்பது வயதுக்காரர்கள். நாடு முழுக்க அந்தச் சாவுகளில் பெரும்பகுதி வெறும் காய்ச்சல் என்றுதான் பதிவானது. சொத்து இல்லாதவர்களின் பெயரும் இருக்கும் ஏடு அது. அனுமதி வாங்கி ஒரு பக்கத்தையாவது ஒரு மாலை முழுக்க வாசியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடன், தத்து, குடும்ப வழக்கு சம்பந்தப்பட்ட காகிதம் என்றால், கொடுத்தவர்களிடம் கேட்காமல் திரையில் போடாதீர்கள். சாதிப் பெயரை இழிவாக எழுதியிருப்பதும் நிறைய வரும். அதை மறைக்க வேண்டாம், ஆனால் வாசிப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும்.

காவிரிக்கரை_வாசகி:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த மாதம் கிரயப் பத்திரம், அதற்கடுத்து செந்தில் அப்பா (கண்டிப்பாக அழைத்து வர வேண்டும் தம்பி). 1918 பதிவேட்டுக்கு இப்போதே விண்ணப்பம் எழுதப் போகிறேன். ஐயா, அசல் பத்திரத்தைக் கூட்டத்தில் கைமாற்றிப் பார்க்க விடலாமா? மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது.

பழையகட்டு:

கைமாற்ற வேண்டாம் அம்மா. அசலை விரித்தபடி தனி மேஜையில் வையுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், கூட்டத்துக்கு நகல் கொடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது, பிறகு பிரிக்க முடியாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும், வீட்டில் பழைய பத்திரம் வைத்திருக்கிறவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.