எங்கட ஒழுங்கை குறூப்: ஆமி ஜெனரேற்றர்

துசி: எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு யாவாரியிட்ட அமெரிக்க ஆமி கழிச்சுவிட்ட டீசல் ஜெனரேற்றர் ஒண்டு கிடக்குதாம். பச்சைப் பெட்டி, 5 கிலோவாற். மாரிக்கு முதல் எடுத்து வீட்டுக்குப் பூட்டலாமோ?

மெக்கானிக் மாமா: விலை கதைக்க முதல் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் தம்பி. மொடல், கிலோவாற், வோல்ற், சைக்கிள் (ஹேர்ட்ஸ்) நாலும் வாசிக்கக்கூடியதா இருக்கவேணும். தகடு கழட்டியிருந்தா அந்தச் சாமானே வேண்டாம்.

துசி: (படம்) எம்ஈபி-802ஏ எண்டு போட்டிருக்கு.

கனடா மச்சான்: அப்ப 5 கிலோவாற், 60 ஹேர்ட்ஸ். இதே பெட்டி, இதே எஞ்சினில 812ஏ எண்டு இன்னொண்டு வரும். அது 400 ஹேர்ட்ஸ். ராடர், விமானச் சாமானுகளுக்குச் செய்தது. வீட்டில ஒரு மோட்டரும் அதில ஓடாது. 10 கிலோவாற்றில 803ஏ 60, 813ஏ 400. 3 கிலோவாற்றில 831ஏ 60, 832ஏ 400. வெளியால பாத்து ஒருத்தராலையும் பிரிச்சுச் சொல்லேலாது, தகடுதான் சொல்லும்.

துசி: 60 எண்டா எங்கட லைன் 50க்கு ஒத்துவருமோ?

வயறிங் அண்ணை: சாமானைப் பொறுத்தது. எல்ஈடி பல்ப், போன் சாஜர், ரீவி, லப்ரொப் எல்லாத்திலயும் 50/60 எண்டு அடிச்சிருக்கும், பிரச்சினை இல்லை. கேத்தில், ஸ்திரிக்கைப் பெட்டி, ரைஸ் குக்கர் வெறும் சூடாக்கிற சாமான், அதுகளுக்கும் பரவாயில்லை. சீலிங் ஃபான் கொஞ்சம் வேகமாச் சுத்தும். தண்ணி மோட்டர்தான் ஆபத்து. 60இல மோட்டர் 1.2 மடங்கு வேகமாச் சுத்தும், பம்ப் இழுக்கிற பவர் வேகத்தின்ர மூண்டாம் அடுக்கில ஏறும். 1.2ஐ மூண்டு தரம் பெருக்கிப் பாருங்கோ, 1.73 வரும். 1 குதிரைவலு மோட்டரிட்ட 1.7 குதிரைவலு வேலை கேட்டா கொயில் கருகிப் போகும். தற்காலிகமா ஓடித்தான் ஆகவேணும் எண்டா மேல போற குழாயின்ர வால்வைப் பாதி மூடி ஓடுங்கோ. தண்ணி குறையும், லோட்டும் குறையும். கிளாம்ப் மீற்றர் (வயரைச் சுத்திப் பிடிச்சுக் கரண்ட் அளக்கிறது) போட்டு மோட்டர்த் தகட்டில இருக்கிற அம்பியரைத் தாண்டாமப் பாருங்கோ.

மூலைவீட்டு அக்கா: ஃபிரிட்ஜ்?

வயறிங் அண்ணை: இன்வேற்றர் ஃபிரிட்ஜ் எண்டா பயமில்லை அக்கா. பழைய கொம்பிரசர் ஃபிரிட்ஜில 50 மட்டும் அடிச்சிருந்தா 60இல விடாதேங்கோ. ஸ்ராட் எடுக்கக் கஷ்டப்படும், சூடாகும்.

மெக்கானிக் மாமா: இந்த 802 இல கவர்னர் (எஞ்சின் வேகத்தைப் பிடிச்சு வைக்கிறது) மெக்கானிக்கல். எஞ்சினை 1800இல இருந்து இறக்கலாம். 1500 சுத்து எண்டா 50 சைக்கிள். ஆனா இறக்கினா பவரும் இறங்கும். ஆறில அஞ்சு பங்குதான் மிஞ்சும், காத்தாடியும் மெதுவாச் சுத்துறதால குளிர்ச்சி குறைவு. 5 எண்டு வாங்கினதை 3.5 எண்டு நினைச்சுப் பாவிக்கவேணும்.

வயறிங் அண்ணை: வோல்ற்றேஜையும் சேர்த்துப் பாக்கவேணும் மாமா. 60இல 240 வோல்ற் எண்டா ஒரு ஹேர்ட்ஸுக்கு 4 வோல்ற். 50இல 230 கேட்டா 4.6. இரும்பில காந்தம் நிரம்பிப்போகும், காந்தத்தை உண்டாக்கிற ஃபீல்ட் கொயில் கூடக் கரண்ட் எடுத்துச் சூடாகும், வோல்ற்றைப் பிடிக்கிற ரெகுலேற்றர் ஏலாமல் விழும். நான் சொல்லுறது 52 ஹேர்ட்ஸ், 220 வோல்ற். மின்சார சபையின்ர எல்லையே 230க்கு 6 வீதம் மேல கீழ, அதாவது 216 இல இருந்து 244. 220 அதுக்குள்ள நிக்குது. மெக்கானிக்கல் கவர்னர் லோட் ஏற 1, 2 ஹேர்ட்ஸ் இறங்கும், அதாலதான் லோட் இல்லாமல் 52இல வைக்கிறது.

கனடா மச்சான்: 3 கிலோவாற் 831ஏ இல உந்த வேலை சரிவராது. அதில காந்த ஒல்ரநேற்றர், பிறகு இன்வேற்றர். எஞ்சினை இறக்கினாலும் வெளிய வாறது 60தான். அந்த இலத்திரனியல் பெட்டி பழுதானா எஞ்சின் நல்லா இருந்தும் பிரயோசனம் இல்லை. 802 எவ்வளவோ மேல்.

துசி: அப்ப 802 எடுக்கலாம் எண்டுறியள். வயறிங் லேசோ?

வயறிங் அண்ணை: தம்பி, இதைத்தான் வடிவா வாசிக்கவேணும். இங்க எங்களுக்கு ஒரு லைவ், ஒரு நியூற்றல். உந்தச் செட்டில 240 எண்டது ரெண்டு 120 சேர்ந்தது. எல்1, எல்3 எண்ட முனை ரெண்டும் லைவ், நடு முனை எல்0. எல்0ஐயும் பெட்டியையும் ஒரு பட்டித் துண்டு இணைக்கும். அப்பிடியே கொண்டுவந்து வீட்டுக்குக் குடுத்தா உங்கட "நியூற்றல்" வயரிலயும் நிலத்துக்கு 120 வோல்ற் நிக்கும். இங்கத்தைச் சுவிட்ச், பிறேக்கர் எல்லாம் லைவை மட்டும்தான் வெட்டும். சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு பல்பைக் கழட்டுற ஆளுக்கு ஹோல்டரில அடிக்கும்.

வயறிங் அண்ணை: செய்யவேண்டியது இது. எஞ்சின் நிண்ட பிறகு செலெக்ரர் சுவிட்சை 120/240 ஒற்றைப் பேஸில வைக்கிறது. எல்0க்கும் பெட்டிக்கும் நடுவில உள்ள பட்டியைக் கழட்டுறது. எல்0இல ஒரு வயரும் பூட்டுறேல்லை. எல்3ஐயும் பெட்டியையும் ஏர்த் கம்பிக்கு இணைக்கிறது, இனி எல்3தான் நியூற்றல், எல்1 லைவ். பிறகு மீற்றரால எல்1க்கும் ஏர்த்துக்கும் 220, எல்3க்கும் ஏர்த்துக்கும் 0 வருதோ எண்டு பாக்கிறது. பெட்டியில இருக்கிற 120 வோல்ற் பிளக் ஓட்டையை நிரந்தரமா மூடுங்கோ, அதின்ர நியூற்றல் இப்ப 110 வோல்ற்றில நிக்கும்.

துசி: பட்டியைக் கழட்டிப்போட்டு ஒண்டும் ஏர்த் பண்ணாமல் விட்டா?

வயறிங் அண்ணை: ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா வெட்டுறது) வேலை செய்யாது. எங்கட வீடுகளில ஏர்த் அவரவர் வளவுக் கம்பிதான். கசியிற கரண்ட் திரும்பி வர வழியில்லாட்டி ட்ரிப்புக்கு ஒண்டும் தெரியாது. பூட்டி முடிஞ்சதும் ஜெனரேற்றரில ஓடேக்க ட்ரிப்பின்ர ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கோ. அந்தப் பட்டன் ட்ரிப் பொறி வேலை செய்யுதோ எண்டுதான் காட்டும், ஏர்த் சரியோ எண்டு காட்டாது. ஏர்த்தைத் தனிய மீற்றரால அளக்கவேணும். எங்கட மண்ணில ரெண்டு மூண்டு அடியில கல் தட்டும், கம்பி இறங்காத இடத்தில விட்டுப்போட்டு வாழைப்பாத்திப் பக்கம், ஈரம் நிக்கிற இடத்தில அடியுங்கோ.

மூலைவீட்டு அக்கா: லைனுக்கும் ஜெனரேற்றருக்கும் மாத்திற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் தானே? சில வீட்டில ரெண்டு பக்கமும் பிளக் பூட்டின வயரை ஹோலில குத்துறவை.

வயறிங் அண்ணை: கட்டாயம் அக்கா. அந்த வயர் ஆளைக் கொல்லும். உங்கட கரண்ட் மீற்றரால வெளிய போய் ட்ரான்ஸ்போமரில ஏறி, லைன் திருத்த வாற பெடியனுக்கு ஆயிரக்கணக்கான வோல்ற்றா நிக்கும். 63 அம்பியர் டபிள் போல் சேஞ்ச் ஓவர், நடுவில "ஓஃப்" உள்ளது, மீற்றருக்கும் ட்ரிப்புக்கும் இடையில. லைவ், நியூற்றல் ரெண்டையும் மாத்தவேணும். ஜெனரேற்றர் பக்கம் 25 அம்பியர் டபிள் போல் பிறேக்கர். கேபிள் 6 சதுர மில்லிமீற்றர் செம்பு. 20 மீற்றர் தூரத்தில 26 அம்பியருக்கு 3 வோல்ற்தான் விழும். 2.5இல இழுத்தா 8 வோல்ற் கிட்ட விழும், வயரும் சுடும்.

மூலைவீட்டு அக்கா: எங்கட கூரையில சோலார் கிடக்கு. அதுவும் சேர்ந்து ஓடுமோ?

வயறிங் அண்ணை: ஓடவே கூடாது. சோலார் இன்வேற்றர் ஜெனரேற்றரை லைன் எண்டு நினைச்சு அதுக்குள்ள கரண்ட் தள்ளும். ஜெனரேற்றருக்குக் கரண்டைத் திருப்பி வாங்கத் தெரியாது, வோல்ற்றேஜ் ஏறிச் சாமானுகள் போகும். சோலார் வயர் சேஞ்ச் ஓவருக்கு முன்னால, மின்சார சபைப் பக்கமே இருக்கவேணும்.

துசி: எஞ்சின் பக்கம் என்ன பாக்கிறது மாமா?

மெக்கானிக் மாமா: ரெண்டு சிலிண்டர் ஓனன், தண்ணிக் குளிர்ச்சி. ஸ்ராட் 24 வோல்ற், 12 வோல்ற் பற்றரி ரெண்டு தொடராப் பூட்டவேணும். ரெண்டும் ஒரே வயசு, ஒரே அளவு. ஒண்டில இருந்து மட்டும் 12 வோல்ற் பல்புக்குக் கரண்ட் எடுக்கிற வேலை வேண்டாம், அந்தப் பற்றரி இறங்க மற்றது கூடச் சாஜ் ஏறிக் கொதிக்கும்.

றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விடவே கூடாது. எங்கட தண்ணி சுண்ணாம்பு, ஒரு வருசத்தில குழாய் அடைக்கும். பற்றரிக்கு விடுற தண்ணியும் கூலன்ரும் பாதிக்குப் பாதி. கனகாலம் நிண்ட சாமான் எண்டா றப்பர் குழாய், பெல்ற், டீசல் குழாய், ஃபில்ரர் எல்லாம் புதுசு. ராங்கில பழைய டீசல் இருந்தா முழுக்க இறக்கி அடியைக் கழுவும். அடியில தண்ணியும் அதில வளருற கறுத்தப் பாசியும் நிக்கும், ஃபில்ரரை அதுதான் அடைக்கும்.

மெக்கானிக் மாமா: ஸ்ராட் பண்ண முதல் சுவிட்சை "பிறைம் அன்ட் றன்" இல வைச்சா டீசல் பம்ப் டிக் டிக் எண்டு அடிக்கும். காத்து போய்ப் பம்பின்ர சத்தம் மாறுமட்டும் விடும். பிறகு ஸ்ராட்டில பிடிச்சு, எஞ்சின் வேகம் எடுத்து வோல்ற் மீற்றர் எழும்பின பிறகுதான் கையை விடவேணும். உடன விட்டா ஃபீல்டுக்குப் பற்றரிக் கரண்ட் போதாமல் வோல்ற் வராது, ஆக்கள் "கொயில் எரிஞ்சிட்டுது" எண்டு சும்மா கழட்டுவினம். ஓடி உடன நிண்டா ஒயில் பிறஷர், சூடு, டீசல் மட்டம் எண்டு பழுது லைற் ஒண்டு எரியும், அதைப் பாரும். "பற்றில் ஷோட்" எண்டு ஒரு சுவிட்ச் இருக்கு. அது சண்டை நேரத்தில எஞ்சின் போனாலும் பரவாயில்லை எண்டு காவல்களைத் தள்ளிவைக்கிறதுக்கு. வீட்டில அதைத் தொடப்படாது, மூடியைக் கம்பியால கட்டிவிடும்.

வயறிங் அண்ணை: காசு குடுக்க முதல் 500 வோல்ற் மெகர் (கரண்ட் கசிவு பாக்கிற மீற்றர்) போட்டுக் கொயிலுக்கும் பெட்டிக்கும் பாக்கவேணும், ஏர்த் பட்டி கழட்டின நிலையில, ரெகுலேற்றர் வயரும் கழட்டி. 1 மெகாஓமுக்குக் கீழ எண்டா ஈரம் ஏறியிருக்கு. உள்ளுக்கு 100 வாற் குண்டு பல்ப் எரியவிட்டு மூடி ரெண்டு நாள் காயவிட்டுத் திருப்பிப் பாக்கலாம். அப்பவும் ஏறாட்டி விடுங்கோ. எவ்வளவு நேரம் ஓடினது எண்டு காட்டிற மணி மீற்றரை நம்பாதேங்கோ, மாத்திப் பூட்டினா 0இல இருந்து திரும்பத் துவங்கும்.

மூலைவீட்டு அக்கா: இன்னொரு கேள்வி. இரவில நாலு ஃபான், பத்து பல்ப், ஃபிரிட்ஜ், ரீவி, ரௌற்றர் எல்லாம் சேர்த்து 600 வாற்தான். அதுக்கு 5 கிலோவாற் டீசல் தேவையோ?

மெக்கானிக் மாமா: நல்ல கேள்வி பிள்ளை. இரவு முழுக்க 600 வாற்றில ஓடினா எஞ்சின் சூடேறாது. டீசல் முழுக்க எரியாமல் சைலன்சரில கறுத்த எண்ணெயா ஒழுகும், வெள்ளைப் புகை வரும், இன்ஜெக்ரர் நுனியில கரி கட்டும். முழுப் பவரில 30 வீதத்துக்குக் கீழ கனநேரம் ஓடக்கூடாது. அப்பிடி ஆனதைத் திருத்திறதுக்கு முக்கால் லோட்டில ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஓடவிடவேணும்.

வயறிங் அண்ணை: அதால காலமை ரெண்டு மணித்தியாலம், பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முதல்ல தண்ணி மோட்டர், அது ஸ்ராட் எடுக்கேக்க 30 அம்பியர் கிட்டக் கேக்கும், வேற லோட் இருக்கப்படாது. அது ஓடத் துவங்கினதும் ரைஸ் குக்கர், ஸ்திரிக்கை, ஃபிரிட்ஜ், அதோட பற்றரி இன்வேற்றர் சாஜ். இரவுக்கு இன்வேற்றர். 150 அம்பியர்-மணி பற்றரி ரெண்டு எண்டா 3.6 கிலோவாற்-மணி, பாதிக்குக் கீழ இறக்காமல், ஃபிரிட்ஜை விட்டு மற்றதை அளவாப் பாவிச்சா 250 வாற்றில ஆறு மணித்தியாலம் வரும். டீசல் 3 கிலோவாற்றில மணிக்கு ஒண்டரை லீற்றர் அளவு.

கனடா மச்சான்: பாரம் 400 கிலோ. லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெஷின்) பெட்டியில ஏத்தலாம், இறக்க செயின் புளொக் வேணும். நாலு இஞ்சி கொங்கிறீற் தட்டுப் போடுங்கோ. சத்தம் 7 மீற்றரில 70 டெசிபல், வழமையான பெற்றோல் செட்டை விடக் குறைவுதான்.

மூலைவீட்டு அக்கா: சத்தத்தை விடப் புகையைப் பாருங்கோ. மாரியில காத்து வாடை, வடகிழக்கில இருந்து. செட்டை வீட்டுக்குத் தென்மேற்குப் பக்கம் 20 அடி தள்ளி வையுங்கோ, புகைக்குழாய் வளவுக்கு வெளிய பாக்க. சோளகத்தில (தென்மேற்குக் காத்தில) ஓடினா அந்தப் பக்க யன்னலை மூடவேணும். பின் விறாந்தையில, குசினிப் பத்தியில மழைக்கு ஒதுக்கிறம் எண்டு வைச்சா நித்திரையில ஆள் போகும், காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மழைக்கு நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போதும்.

மூலைவீட்டு அக்கா: கிணத்தில இருந்தும் தள்ளி. கீழ சுண்ணாம்புக்கல், மேல ஊத்திறது எல்லாம் நேர தண்ணிக்குப் போகும். சுன்னாகத்தில கிணறுகளுக்கு எண்ணெய் இறங்கி சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். செட்டுக்குக் கீழ விளிம்பு வைச்ச தகரத் தட்டு, பழைய ஒயிலைக் கானில பிடிச்சு கராஜுக்குக் குடுக்கிறது, டீசல் ஊத்திறதுக்குப் புனல். இது ஒழுங்கை முழுக்கக் குடிக்கிற தண்ணி.

துசி: ஓம் அக்கா, தட்டுக் கட்டாயம் அடிப்பன். யாவாரி கடதாசி ஒண்டும் இல்லை எண்டுறார், அது பரவாயில்லையோ?

மெக்கானிக் மாமா: பரவாயில்லை எண்டு விடேலாது. ஆமிச் சாமான், ஏலத்தில எடுத்த கடிதமோ இறக்குமதிக் கடதாசியோ, அதோட உம்மட பேரில பில்லும் இருக்கவேணும். வழியில மறிச்சாக் காட்ட ஒண்டும் இல்லாட்டி சாமானும் போம், நீரும் அலைவீர். கடதாசி இல்லாட்டி எடுக்காதையும்.

துசி: சரி மாமா. கடதாசி குடுத்தா மட்டும் போய்ப் பாக்கிறன். அண்ணை, நீங்கள் வரேலுமோ?

வயறிங் அண்ணை: வாறன். மெகர், கிளாம்ப் மீற்றர், ஃபிறீக்குவன்சி மீற்றர், 1000 வாற் ஹீற்றர் மூண்டு கொண்டு வாறன். மூண்டையும் போட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுத்தான் முடிவு. பற்றரி ரெண்டும் புது டீசல் 5 லீற்றரும் அவையை ஆயத்தமா வைக்கச் சொல்லுங்கோ. முதல் நாள் ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ, குளிர்ந்த எஞ்சின் எப்பிடி எழும்புது எண்டு பாக்கவேணும்.