வாக்கியத்திலேயே துப்பு இருந்தும் தவறான சொல்லைப் பிடித்தவர்கள் வாருங்கள்

கடையநல்லூரான்:

வங்கி எழுத்தர் தேர்வு எழுதியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம், தப்புக்குக் கால் மதிப்பெண் வெட்டு. ஒரு பத்தியைக் கொடுத்து நடுநடுவே ஓட்டை விட்டு வைத்திருப்பார்களே, அந்தப் பகுதியில்தான் மாட்டினேன்.

பாதுகாப்புச் சபை ஒரு நாட்டின்மீது எதையோ விதித்தது, அதனால் அந்த நாட்டின் எண்ணெய் ஏற்றுமதி படுத்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வாக்கியம். விடைகளில் 'சாங்ஷன்ஸ்' இருந்தது. நான் முதலில் கழித்துக்கட்டியதே அதைத்தான்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் சாங்ஷன் என்றால் நல்ல செய்தி. கறவை மாட்டு லோனுக்கு அப்பா ஏழு மாதம் அலைந்தார். ஒருநாள் மத்தியானம் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, "சாங்ஷன் ஆயிட்டுலே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். கேசரி வாசம் அடிக்கிற ஒரு சொல்லை எப்படி ஒரு நாட்டின் தலையில் போட்டு அதன் வியாபாரத்தைக் கெடுப்பது? 'டேரிஃப்ஸ்', அதாவது இறக்குமதி வரி, என்பதைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

வெளியே டீக்கடையில் ஒரு பையன் சொன்னான், "அண்ணே, அது பொருளாதாரத் தடை." பேப்பரில் தினமும் படிக்கிற விஷயம். அதற்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர் என்று மட்டும் தெரியாது.

கால் மதிப்பெண்ணில் வேலை போனது என்று கதை விடமாட்டேன், நாலு மதிப்பெண்ணில் போனது. ஆனால் மற்ற கேள்வி எதுவும் நினைவில் இல்லை, இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஸ்கார்பரோ சிவா:

இங்கே துப்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எனக்குச் சொந்த ஊர் சேலம். கனடா வந்த புதிதில் எதிர்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. ஒரு சனிக்கிழமை போன் செய்து, "தம்பி, பின்னேரம் வீட்ட வாங்கோ. அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ" என்றார்.

எனக்கு 'ஆறுதல்' என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. ஐயோ, யாரோ போய்விட்டார்கள், ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறார். போனில் எப்படிக் கேட்பது, யார் என்று? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, தலையைக் குனிந்து போய் வாசலில் நின்றேன். கதவு திறந்தால் உள்ளே பலூன். பேரனுக்குப் பிறந்தநாள். ஒரு தட்டில் ரோல்ஸும் வடையும் அடுக்கியிருக்கிறது. "என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு? ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்றார் அம்மா.

அவர்கள் பேச்சில் ஆறுதலா என்றால் மெதுவாக, சாவகாசமாக. யோசித்துப் பார்த்தால் 'அவசரமில்லை' என்று அதற்கு முந்தைய சொல்லிலேயே அர்த்தத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். நான்தான் வாங்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டையைப் பிறகு நான் போட்டதே இல்லை.

கணக்கன்:

கடையநல்லூரான், உங்கள்மேல் தப்பே இல்லை. 'விதித்தது' என்ற வினையோடு டேரிஃப்ஸும் வரும். இறக்குமதி வரி போட்டாலும் ஏற்றுமதி விழும். இரண்டு விடை பொருந்துகிற கேள்வி, கேள்வியே இல்லை. இதற்கு ஆட்சேபம் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

மீனாட்சி டீச்சர் (ஓய்வு):

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புத் தமிழ் எடுத்தேன். அரையாண்டுத் தேர்வில் ஒலி வேறுபாட்டுக் கேள்வி. "குளத்தில் ______ துள்ளியது." வாலை, வாளை, வாழை என்று மூன்று கொடுத்திருந்தேன். வாளை என்பது மீன், துள்ளுவது மீன்தான். சுலபமான கேள்வி என்று எனக்கு நினைப்பு.

ஒரு பையன் 'வாழை' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் ஒரு சுழி போட்டேன். தாள் கொடுத்த அன்று வகுப்பில் அவனை எழுப்பி, "வாழைமரம் துள்ளுமாடா?" என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவன் சிரிக்கவில்லை. "மரம் இல்ல மிஸ், மீனு. எங்கப்பா கடை போர்டுல அப்படித்தான் இருக்கு" என்றான்.

சாயங்காலம் அந்த வழியாகப் போனேன். ஒரு சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் 'வாழை மீன்' என்று எழுதி, கிலோ விலையும் போட்டிருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பையன் வாக்கியத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். குளம், துள்ளல் இரண்டையும் பார்த்து மீன் என்று முடிவு செய்திருக்கிறான். அந்த மீனுக்கு அவன் வீட்டில் அதுதான் எழுத்து. சென்னை நாக்கில் ழவும் ளவும் ஒன்றுதானே, போர்டு எழுதியவர் என்ன செய்வார்?

நான் சோதிக்க நினைத்தது இடம் பார்த்துச் சொல் தேர்கிறானா என்பதை. அதில் அவன் தேறிவிட்டான். நான் வெட்டியது எழுத்துக்கு.

சொல்லப்போனால் இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் பல பொருள் ஒருசொல்லைப் பற்றி "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்" என்று வருகிறது. உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லைக் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் வினையை வைத்து அது மரம். மாவும் மருதும் ஓங்கின என்றால் கூட நிற்கிற இனத்தை வைத்து மரம். கவசம் போட்டு நிற்கிறவன் மா கொண்டு வா என்றால் அவன் கேட்பது குதிரை, அது சார்பு. சிவாவின் 'அவசரமில்லை'யும் இந்தச் சார்பில்தான் சேரும் என்று நினைக்கிறேன்.

விடைக்கொடி:

நானும் ஒருமுறை இப்படித் தப்புப் போட்டேன், இரண்டாம் முறை எழுதித் தேறினேன், அவ்வளவுதான் என் கதை.

கணக்கன் சொல்வது சரியில்லை. எழுவாயைப் பாருங்கள் ஐயா. இறக்குமதி வரி போடுவது நாடுகள். ஐ.நா. பாதுகாப்புச் சபை வரி போடாது. 1990ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அந்தச் சபை போட்டது தடை. ஆக, 'யார் விதித்தது' என்பதிலேயே ஒரு விடைதான் நிற்கிறது. அடுத்து, லோன் சாங்ஷன் ஆகும்போது லோனைத்தான் சாங்ஷன் செய்கிறார்கள், யார்மீதும் அதை விதிப்பதில்லை. 'மீது' என்பதற்கு ஆங்கிலத்தில் வருகிற 'ஆன்' என்ற ரெண்டெழுத்தைப் பார்த்திருந்தாலே கேசரி வாசம் போயிருக்கும்.

இனி எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். விடைகளை முதலில் பார்க்காதீர்கள். திரையில் அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஓட்டையில் உங்களுக்குத் தோன்றும் சொல்லைத் தமிழிலேயே போட்டுப் பாருங்கள். நல்லதா கெட்டதா, கூடியதா குறைந்ததா என்கிற திசை தெரிந்தால் போதும். 'அல்தோ', 'டிஸ்பைட்' வந்தால் வாக்கியம் பாதியில் திரும்புகிறது என்று அர்த்தம், முதல் பாதி நல்லதென்றால் மறுபாதியில் மோசமானதைத் தேடுங்கள். 'தேர்ஃபோர்' வந்தால் அதே திசையில் போங்கள். பத்தியின் கடைசி வரியை முதலிலேயே படித்துவிடுங்கள், மூன்றாம் ஓட்டைக்கு விடை பல நேரம் அங்கே உட்கார்ந்திருக்கும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் ஒட்டும் என்று ஒரு நோட்டுப் போடுங்கள். கனவு கண்டான் என்கிறோம், கனவு பார்த்தான் என்பதில்லை, ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

குத்துமதிப்பாக அடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்து விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், ஐந்து தடவைக்கு ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும், நாலு தப்பாகி நாலு கால் போகும். கையில் நிற்பது சுழியம். ஒரே ஒரு விடையை நியாயமாகக் கழிக்க முடிந்தால்தான் லாபம் ஆரம்பிக்கிறது. ஆனால் கழிப்பது நியாயமாக இருக்கவேண்டும், கடையநல்லூரான் கழித்த மாதிரி அல்ல. அப்புறம் தினமும் ஆங்கிலத் தலையங்கம் ஒன்று, சத்தமாக...

பசியாறி:

தலையங்கத்தை நிறுத்துங்கள் அண்ணாச்சி, இங்கே யாரும் வகுப்புக்கு வரவில்லை.

நம்ம கதை சின்னது. ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை எட்டு மணி. மேலாளர் தமிழர். "தம்பி, பசியாறியாச்சா?" என்றார். பசி அடங்கிவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்து, நேர்மையாக, "பாதி ஆறிருக்கு சார், காலையில ரெண்டு பிஸ்கட்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு போய் நாசி லெமாக், அதாவது இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு, வாங்கிக் கொடுத்தார். மலேசியாவில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு என்று அந்த இலையைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது. அர்த்தம் தப்பானாலும் சாப்பாடு சரியாக வந்துவிட்டது.

கணக்கன்:

பாதுகாப்புச் சபை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஐ.நா. பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் அது ஆங்கிலக் கேள்வியா, பொது அறிவுக் கேள்வியா? கிராமத்துப் பையனுக்கும் பேப்பர் வருகிற வீட்டுப் பையனுக்கும் ஒரே வாக்கியம் ஒரே துப்பைக் கொடுக்குமா?

கடையநல்லூரான்:

எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வந்தது சார், அதுதான் வயிற்றெரிச்சல்.

நேற்று அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். லோன் கடிதத்தை இன்னும் மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குடுத்தாலும் சாங்ஷன், தடுத்தாலும் சாங்ஷன்னா, அந்த ஏழு மாசமும் மேனேஜர் என்கிட்ட எதைலே சொல்லிக்கிட்டிருந்தாரு?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

டீச்சர் அம்மா, அந்தப் பையனுக்கு மதிப்பெண் போட்டீர்களா?

மீனாட்சி டீச்சர் (ஓய்வு):

அரை மதிப்பெண் போட்டேன். முழுசாகப் போட அன்றைக்கு மனசு வரவில்லை, மற்ற பிள்ளைகள் கேட்பார்களே என்று. இன்றைக்கென்றால் போட்டிருப்பேன்.

அவன் அப்பாவிடமும் பேசினேன். போர்டில் ழவை ளவாக மாற்றிவிடுங்கள், பையன் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறான் என்றேன். உடனே ஈரக் கையாலேயே அழித்து மாற்றினார். மாற்றிவிட்டுச் சிரித்தார். "மீனு முன்னாடியே கெடக்குது மிஸ். எழுத்தப் பாத்தா வாங்குறாங்க?"