விக்கிப்பீடியால பழைய படக் கட்டுரை: போஸ்டரைத் தூக்கிட்டாங்க, கதைச்சுருக்கத்துக்கும் வார்ப்புரு, அவசர உதவி

டூரிங்_கொட்டாய்: பழைய சிவாஜி படம் ஒண்ணோட கட்டுரைய விரிவாக்கிட்டு இருக்கேன், போஸ்டர் ஏத்தினேன் மறுநாள் காணோம், கதைச்சுருக்கத்துக்கு மேல பதிப்புரிமை மீறல்னு வார்ப்புரு (எச்சரிக்கைப் பெட்டி) வந்திருக்கு, மேற்கோள் சரியாத்தான் குடுத்திருக்கேன், படம் வந்து 60 வருஷத்துக்கு மேல ஆச்சே அப்புறம் என்ன பதிப்புரிமை? சீக்கிரம் யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

நெகட்டிவ்: எந்தப் படம்? தமிழ் விக்கியா இங்கிலீஷா? போஸ்டர எல்லா விக்கிக்கும் பொதுவான கோப்புக் கிடங்கு காமன்ஸ்ல ஏத்துனீங்களா இல்ல தமிழ் விக்கிலயேவா?

கோவை_வாசகி: கதைய எங்கேர்ந்து எடுத்தீங்கன்னும் சொல்லுங்க, அது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

சேலம்_ரீல்: 60 வருஷம் தாண்டினா எல்லாமே பொதுச்சொத்துதாங்க, 1957 பதிப்புரிமைச் சட்டம் அதான் சொல்லுது. போஸ்டர் வேணாம், படத்துலேர்ந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்க, யாரும் கேக்க முடியாது.

டூரிங்_கொட்டாய்: பாசமலர். தமிழ் விக்கி. போஸ்டர் காமன்ஸ்ல. கதை வீட்ல இருந்த, கதைச்சுருக்கமும் சேத்து அச்சடிச்ச பாட்டுப் புத்தகத்தப் பாத்து டைப் பண்ணது, பாட்டு வரியும் முழுசா போட்டிருக்கேன்

ஆதி_பயனர்: தம்பி, விதிமுறைப் பக்கத்தப் படிச்சிருந்தா இந்த இழையே வந்திருக்காது, வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். மேற்கோள் வேற, பதிப்புரிமை வேற. மேற்கோள் குடுத்துட்டா வரிக்கு வரி எடுத்துப் போடலாம்னு எங்கயும் இல்ல. 27 மே 1961ல ரிலீஸ், இயக்கம் பீம்சிங்ங்கிறது தகவல், யாருக்கும் சொந்தமில்ல, ஆதாரம் இருந்தாப் போதும். இன்னொருத்தர் எழுதின வாக்கியம் அப்படி இல்ல. சேலம், உங்க கணக்கும் பாதிதான். படத்துக்கு இந்தியாவுல 60 வருஷம், 2021ஓட முடிஞ்சது, சரி. ஆனா பாட்டு வரிக்கு எழுதினவர் இறந்ததுலேர்ந்து 60 வருஷம், கண்ணதாசன் காலமானது 1981, அப்போ 2041 முடியுற வரைக்கும் முழு வரியையும் போட முடியாது. காமன்ஸ்ல படைப்பு வெளியான நாட்டுலயும் அமெரிக்காவுலயும் ரெண்டு எடத்துலயும் பதிப்புரிமை இல்லாம ஃப்ரீயா இருக்கணும். 1996ல இந்தியாவுல பதிப்புரிமை இருந்த படைப்புக்கு அமெரிக்காவுல, வெளியான வருஷத்துலேர்ந்து 95 வருஷம், அதாவது 2056 கடைசி வரைக்கும். ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் அதே கதிதான்.

சேலம்_ரீல்: நம்மூர்ப் படத்துக்கு அமெரிக்கா எதுக்குங்க நடுவுல? நம்ம சட்டம் ஃப்ரீங்குதுல்ல.

ஆதி_பயனர்: சர்வர் அங்க இருக்கு. இதுக்கு மேல விளக்கணுமா?

நெகட்டிவ்: கொட்டாய் அண்ணா, போஸ்டரத் தமிழ் விக்கிலயே உள்ளூர்க் கோப்பா ஏத்துங்க, சின்ன அளவுல, நியாயப் பயன்பாட்டுக் காரணத்தையும் (பதிப்புரிமை உள்ள படம் இங்க ஏன் தேவைன்னு) எழுதி. கட்டுரை ஓரத்துல வர்ற தகவற்பெட்டில ஒண்ணே ஒண்ணு, அவ்ளோதான்.

கோவை_வாசகி: பாட்டுப் புத்தகத்துல கதைய எழுதினவர் பேர் போட்டிருக்கா? பேரில்லாத எழுத்துன்னா இந்தியாவுல வெளியாகி 60 வருஷத்தோட முடிஞ்சிரும், ஆனா அமெரிக்கக் கணக்கு அதுக்கும் உண்டு. அதை விடுங்க, அந்தக் கதைச்சுருக்கம் "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு நின்னுரும். கலைக்களஞ்சியத்துல அண்ணனும் தங்கச்சியும் கடைசில செத்துப்போறது வரைக்கும் வரணுமே. படத்தப் பாத்து சொந்தமா எழுதுங்க, கதைக்குப் படமே ஆதாரம், தனியா மேற்கோள் தேவையில்ல.

ஆதி_பயனர்: பாட்டுப் புத்தகத்த ஆதாரமாவே எடுக்கக் கூடாது. தயாரிப்பாளர் அடிச்ச விளம்பரம் அது.

கோவை_வாசகி: இத மட்டும் ஒத்துக்க முடியாதுங்க. பிரிண்டே மிஞ்சாத 30கள், 40கள் படம் எவ்வளவு இருக்கு, அதுல நடிச்சவங்க பேரு, பாட்டோட ராகம் தாளம் எல்லாம் எத்தனையோ படத்துக்கு அந்த நைஞ்சு போன காகிதத்துல மட்டும்தான் இருக்கு. "மகத்தான வெற்றி"ன்னு அதுல இருந்தா எடுக்காதீங்க, நடிகர் பட்டியல் எடுக்கலாம். தமிழ்ப் பட விவரங்களச் சேத்து வச்ச ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுப்போட ஒத்துப் பாத்துக்கிட்டா இன்னும் நல்லது.

ஆதி_பயனர்: அப்புறம் ஐஎம்டிபி சினிமாத் தளமும் ஆதாரம்பீங்க.

கோவை_வாசகி: அதுல பயனர்களே தகவல் சேக்குறாங்க, இது படம் வந்தப்பவே அச்சடிச்சது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

சேலம்_ரீல்: எனக்கு அந்த 95 வருஷம் இன்னும் ஒத்துக்க மனசு வரல.

டூரிங்_கொட்டாய்: போஸ்டர் சின்னதாக்கி உள்ளூர்ல ஏத்திட்டேன், இப்ப வரைக்கும் இருக்கு. பாட்டு வரிய எடுத்துட்டு பாட்டுத் தலைப்பு, பாடினவங்க பேர் மட்டும் அட்டவணையா வச்சிருக்கேன். கதை எழுதணும். நன்றி எல்லாருக்கும்

கோவை_வாசகி: அந்தப் புத்தகத்துல அச்சகம் பேர், வருஷம் இருந்தா மேற்கோள்ல சேருங்க. அட்டைய ஸ்கேன் பண்ணி காமன்ஸ்ல மட்டும் ஏத்திராதீங்க. ஆமா, பின்னணி பாடினவங்க பேர் அதுல பாட்டுக்குப் பாட்டு தனித்தனியா போட்டிருக்கா?