எஃப் 5.6-இல் கம்பிவலை மறையுமா? அந்தச் சிறுத்தைப் படம் பற்றி

காட்டுப்பாதை:
"உயிரியல் பூங்காவில் ஒரு நாள் முழுக்க நின்று படமெடுப்பவருக்குக் காட்டில் அலைபவரைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்" என்று வரிக்குதிரை நேற்று இந்தக் குழுவில் எழுதியிருந்தார். கூடவே ஒரு சிறுத்தைப் படம். கம்பிவலைக்கு வெளியே நின்று, 300 மி.மீ. லென்ஸில், அதன் திறப்பை எஃப் 5.6 வைத்து எடுத்தாராம். ஒரு கம்பிகூடத் தெரியவில்லை. பொறுமையைப் பற்றிப் பிறகு பேசலாம். 5.6-இல் வலை மறையாது; அதைவிட அகலமான திறப்பான 2.8 வேண்டும். மறைந்திருக்கிறது என்றால் கணினியில் அழித்திருக்கிறார்.

வரிக்குதிரை:
எதையும் அழிக்கவில்லை. பூங்கா திறந்ததிலிருந்து அந்த ஒரு சிறுத்தைக்காகவே நின்றேன். காலையில் வலையை ஒட்டியே நடந்துகொண்டிருந்தது. அப்போது எடுத்திருந்தால் முகத்தின் குறுக்கே கம்பி விழுந்திருக்கும். நண்பகலில் தூங்கிவிட்டது. இரை வைக்கும் நேரம் நெருங்கியபோதுதான் எழுந்து உள்பக்கத்து மரத்தடிக்குப் போனது. விலங்கு வலையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், லென்ஸ் வலையை ஒட்டியிருக்க வேண்டும். வலையின் அந்தப் பகுதியில் வெயில் படக் கூடாது; பட்டால் படம் முழுக்க வெளுத்துப்போகும். இதற்குத்தான் பொறுமை என்றேன்.

காட்டுப்பாதை:
வெயிலைப் பற்றி நான் கேட்கவில்லை. 5.6 பற்றிக் கேட்டேன்.

துளைக்கணக்கு:
லென்ஸின் குவியத் தூரமான 300-ஐ எஃப் எண்ணான 5.6-ஆல் வகுத்துப் பாருங்கள். லென்ஸின் திறப்பு ஏறத்தாழ 54 மி.மீ. அகலம். 50 மி.மீ. லென்ஸில் 1.8 வைத்தாலும் 28 மி.மீ.தான் வரும். 3 மி.மீ. கம்பி 54 மி.மீ. திறப்பில் எவ்வளவு ஒளியை மறைத்துவிடும்? வலை மறைவதற்கு இந்த அகலமும், வலைக்கும் விலங்குக்கும் உள்ள இடைவெளியும்தான் காரணம். எஃப் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு 2.8 என்று சொல்வதில் பொருளில்லை.

காட்டுப்பாதை:
வகுத்தல் எனக்கும் தெரியும். அந்தப் படத்தின் பின்னணியைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே ஒளிவட்டங்கள் இருக்கின்றன. வலை வழியாக எடுத்தால் அந்த வட்டங்களுக்குள் கம்பி கோடுகோடாக விழும். கம்பிவலை முன்னால் நின்றவர்கள் அனைவருக்கும் இது தெரியும். இவருடைய வட்டங்கள் துடைத்துவைத்தது மாதிரி இருக்கின்றன. 5.6-இல் இது நடக்காது.

வரிக்குதிரை:
நீங்கள் பார்ப்பது இணையத்துக்காகச் சுருக்கிய படம்.

காட்டுப்பாதை:
அப்படியானால் கேமராவில் பதிவான மூலக்கோப்பை அப்படியே போடுங்கள்.

வரிக்குதிரை:
போட மாட்டேன். முன்பு ஒரு மீன்கொத்திப் படத்தின் மூலக்கோப்பை இங்கே கொடுத்தேன்; சில வாரங்களில் அது வேறொருவர் பெயரில் உலாவியது. அப்போது நீங்கள் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நடுநிலை:
எல்லோரும் சற்று நில்லுங்கள். காட்டுயிர் ஒளிப்படம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யலாம். சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கம் மூன்றுக்கும் பொது வரையறை இருக்கிறது. போட்டிகளின் காட்டுயிர்ப் பிரிவில் விலங்கு சுதந்திரமாகத் திரிய வேண்டும். உயிரியல் பூங்கா விலங்கு கூடாது. படத்தில் இருப்பதை அழிக்கவும் கூடாது.

காட்டுப்பாதை:
அழிக்கக் கூடாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்! 5.6-இல் மறையாத வலை எங்கே போனது?

நடுநிலை:
நான் சொன்னது அதுவல்ல.

பழையபடம்:
பூங்காப் படம் என்றால் இளக்காரமா? குவாக்கா என்ற விலங்கு இன்று உலகில் இல்லை. அது உயிரோடு இருக்கையில் எடுத்து நமக்குக் கிடைத்திருக்கும் படங்கள் எல்லாம் லண்டன் உயிரியல் பூங்காவில் இருந்த ஒரே பெண் குவாக்காவின் படங்கள். டாஸ்மேனியப் புலி எனப்படும் தைலசின்களில் கடைசியானது 1936-இல் ஹோபார்ட் பூங்காவில் இறந்தது. அங்கே கேமராவோடு நின்றவர்கள் இல்லாவிட்டால் அது எப்படி வாய் பிளக்கும் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

காட்டுப்பாதை:
அவர்கள் பூங்காவில் எடுத்ததைப் பூங்காவில் எடுத்தது என்றே சொன்னார்கள். வலையை அழித்துவிட்டுப் பெருமை பேசவில்லை. 2009-இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் போட்டியில் வேலி தாண்டும் ஓநாய்ப் படம் முதற்பரிசு வாங்கியது. பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். கேள்வி கேட்பவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

வரிக்குதிரை:
நான் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. "பூங்காவில் எடுத்தது" என்று படத்தின் கீழேயே எழுதியிருக்கிறேன். ஆந்தைக்கு முன்னால் எலியைக் கட்டிவைத்து எடுத்த படத்துக்குக் கீழே நீங்கள் என்ன எழுதினீர்கள்?

காட்டுப்பாதை:
அந்த எலியை நான் கட்டவில்லை. உடன் வந்தவர் கட்டினார். பேச்சை மாற்றாதீர்கள். 5.6.

கண்ணாடிவிரியன்:
கம்பிவலைக்காரர்கள் ஒதுங்கினால் ஒரு வார்த்தை. பாம்புக்கூடத்தில் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் படமெடுக்கிறார்களே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை? பிளாஷ் வேறு. கண்ணாடியில் பிளாஷ் அடித்தால் வெளிச்சம் அப்படியே திரும்பி வருகிறது, பாம்பு தெரிவதில்லை. லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் வளையத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுத்தால் பிரதிபலிப்பே வராது.

துளைக்கணக்கு:
லென்ஸில் போலரைசர் வடிகட்டி போட்டாலும் பிரதிபலிப்பு குறையும்.

கண்ணாடிவிரியன்:
நேராக நின்றால் குறையாது, சாய்ந்து நின்றால்தான். அதோடு ஒளியையும் தின்றுவிடும். இருட்டான பாம்புக்கூடத்தில் அதைப் பரிந்துரைப்பவர் அங்கே எடுத்ததில்லை என்று தெரிகிறது.

துளைக்கணக்கு:
நான் எங்கே எடுத்தேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? போன முறையும் இதே தொனிதான்.

நடுநிலை:
வரையறையைப் பற்றி ஒருவராவது...

காட்டுப்பாதை:
வரையறை எங்கும் ஓடிவிடாது. துளைக்கணக்கு அவர்களே, உங்கள் 54 மி.மீ. சரியென்றே வைத்துக்கொள்வோம். கம்பி மங்கும், மறையாது. மங்கிய கம்பி ஒளிவட்டத்துக்குள் கோடாகத் தெரிந்தே தீரும். அந்தக் கோடு எங்கே?

வரிக்குதிரை:
வாருங்கள், அதே கூண்டின் முன்னால் என்னோடு நில்லுங்கள். உங்கள் கேமராவிலேயே எடுத்துக் காட்டுகிறேன்.

காட்டுப்பாதை:
சிறுத்தை எப்போது எழும் என்று நாள் முழுக்கக் காத்திருக்க எனக்கு நேரமில்லை. மூலக்கோப்பைப் போடுங்கள்.