தால் பூரி தேய்க்கும்போதே கிழிகிறது: மொரீஷியஸ் சமையல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மதுரையிலிருந்து வந்து மூன்று வாரமாக மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். தால் பூரியைக் கற்றுக்கொண்டுதான் ஊர் திரும்ப வேண்டும் என்று ஆசை. நம் பருப்புப் போளியை இனிப்பில்லாமல், கைக்குட்டை மாதிரி மெல்லிசாகத் தேய்த்தது போல இருக்கும். எனக்கு அது தேய்க்கும்போதே கிழிகிறது.

மைதா 500 கிராம், மஞ்சள் பட்டாணிப் பருப்பு 250 கிராம், மஞ்சள்தூள், வறுத்துப் பொடித்த சீரகம். பருப்பு வெந்த தண்ணீரை ஆறவைத்து, சுமார் 250 மில்லி ஊற்றிப் பிசைகிறேன். உருண்டைக்குள் அந்த வெந்த பருப்பைப் பொடித்து வைத்து மூடுவது வரை சரியாக வருகிறது. உள்ளங்கை அகலம் தாண்டியதும் ஓரத்தில் சின்ன விரிசல் விழுந்து, பொடி மணல் மாதிரி கொட்டுகிறது. அது தவாவில் கருகி அடுத்த பூரியிலும் ஒட்டிக்கொள்கிறது. கிழியாமல் தப்பியதும் பத்து நிமிடத்தில் விறைத்துவிடுகிறது.

மாவை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன், பொடியைச் சலித்தேன். பூரணத்தைக் குறைத்ததும் கிழிசல் நின்றது, ஆனால் பருப்பு வாசனையே போய்விட்டது. அப்புறம் அது என்ன தால் பூரி?

வீட்டுப் பாட்டி பிசைந்த மாவை நான் தேய்த்தால் கிழிவதில்லை. நான் பிசைந்தது அவர் கையிலும் கிழிகிறது. கோளாறு மாவில்தான். பாட்டிக்கு அளவு கிடையாது. "இப்படி இருக்கணும்" என்று தன் காது மடலைத் தொட்டுக் காட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். 500 கிராம் மைதாவுக்குப் பருப்புத் தண்ணீரை எவ்வளவு, எந்தச் சூட்டில் ஊற்றுகிறீர்கள்?