மறு: டேக்டைல் டயகிராமுக்கு தமிழ்ல என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்,

பார்வை இல்லாத, பார்வை குறைவா உள்ள பிள்ளைங்க விரலால தடவிப் படிக்கற மாதிரி மேடா செஞ்ச பாடப்படம்தான் டேக்டைல் டயகிராம், அதுக்கு தமிழ்ல என்ன பேர் வெக்கலாம்ங்கறதுதான் கேள்வி. வந்த யோசனைகள்ல ஒண்ணு:

> தொடுபடம்னே வெச்சுக்கலாமே, சின்ன சொல், யாருக்கும் புரியும்

சின்ன சொல்தான், ஆனா தொடுதிரைங்கற சொல் ஏற்கனவே எல்லார் வாயிலயும் இருக்கு, அதனால தொடுபடம்னா போன்ல தொட்டா நகர்ற படம்னுதான் முதல்ல தோணும். அதோட, தொடறது மட்டும் இங்க விஷயம் இல்லையே, தொட்டுப் புரிஞ்சுக்கறதுதானே வேலை.

எந்தச் சொல்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த படத்த பிள்ளைங்க எப்படி படிக்கறாங்கன்னு ஒரு தடவ பாத்துடுவோம். கண்ணால பாக்கறவங்களுக்கு முழுப் படமும் ஒரே வீச்சுல தெரிஞ்சுடும், அப்புறம்தான் பாகம் பாகமா கவனிப்பாங்க. விரலுக்கு அப்படியே தலைகீழ். ஒவ்வொரு துண்டா தடவிப் பாத்து மனசுக்குள்ள சேத்து முழுசாக்கணும். விரல் நுனிக்கு ஒரு அளவு வேற இருக்கு, பிரெய்ல் புள்ளிகளுக்கு நடுவுல சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்கறது சும்மா இல்ல, அதவிட ரொம்ப நெருக்கினா ரெண்டு புள்ளி ஒண்ணாத்தான் தெரியும். கோடுகளுக்கும் இதே கதைதான்.

இதயத்தோட குறுக்குவெட்டுப் படத்த எடுத்துக்கோங்க. பாடப்புத்தகத்துல இருக்கறத அப்படியே ஸ்வெல் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஹீட்டர்ல விட்டா (கருப்பு மை சூட்ட இழுத்துக்கும், அந்த இடம் மட்டும் உப்பிக்கும்) எல்லாக் கோடும் அழகா எழும்பி வரும், ஆனா ஒண்ணும் புரியாது. பெயர் குறிக்க இழுத்த கோடு எது, ரத்தக்குழாய் எதுன்னு விரலால பிரிக்க முடியாது. அதனால அந்த பெயர்க்கோடுகள முடிஞ்சவரை தூக்கிட்டு ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு பிரெய்ல் எழுத்து மட்டும் வெச்சு, முழுப் பேரையும் தனித்தாள்ல குடுக்கறாங்க. சிவப்பு ரத்தம் நீல ரத்தம்லாம் இங்க செல்லாது, ஒரு பக்கம் புள்ளி நிரப்பல், இன்னொரு பக்கம் கோடு நிரப்பல். வால்வெல்லாம் அதே தாள்ல திணிக்காம அடுத்த தாளுக்குப் போயிடும். பீக்கர் படத்துல வாய நீள்வட்டமா வரையறதும் கண்ணுக்கான ஏமாத்து வேலைதான், விரலுக்கு அது வேற ஏதோ ஒரு பொருள், அங்க பக்கவாட்டு வெட்டுத் தோற்றம் போதும்.

ஆக இது சாதாரண படத்த மேடாக்கினது இல்ல, விரலுக்காகவே திரும்ப வரைஞ்ச படம். இதனாலதான் எனக்கு 'புடைப்புப் படம்'ங்கற இன்னொரு யோசனை ஒத்துவரல. சொல் நல்ல சொல், புடைப்புச் சிற்பம்னு பழக்கத்துலயும் இருக்கு, மறுக்கல. ஆனா அது செய்முறைய சொல்லுது. கல்யாணப் பத்திரிகையில எழும்பி நிக்கற பூவும் புடைப்புதான். இன்னொரு பக்கம், அட்டைல நூல் ஒட்டி, மணல் தாள் வெட்டி ஒட்டி ஆசிரியரே கையால செய்யற படமும் இருக்கு, அத புடைப்புன்னு சொல்ல நாக்கு வராது.

தடவுபடம், விரல் அசைவுக்கு ரொம்ப பொருத்தம், ஆனா வகுப்புல சொன்னா பசங்க சிரிப்பாங்க, அதோட முடிஞ்சுது. வருடுபடம் அழகா இருக்கு, ஆனா ஸ்கேனர வருடின்னு சொல்லிப் பழகியாச்சே. பார்வையற்றோர் படம்னு ஒருத்தர் எழுதியிருந்தார், தயவுசெஞ்சு வேணாம். பார்வை குறைவா உள்ள பிள்ளைங்க கண்ணையும் விரலையும் சேத்துதான் இத படிப்பாங்க, அதுக்காகவே கோடு தடிப்பாவும் நல்ல கருப்பாவும் இருக்கணும்னு சொல்றாங்க. பொருளோட பேர்ல ஆளோட குறைய ஏத்தறது சரியும் இல்ல.

என் ஓட்டு தொட்டறிபடத்துக்கு. வினைத்தொகை, அதனால நடுவுல ப் போடக்கூடாது, சுடுகாடு ஊறுகாய் மாதிரி (தொட்டறிப்படம்னு யாராவது எழுதுவாங்க, இப்பவே சொல்லி வெச்சுடறேன்). பாடத்துல போட்டுப் பாத்தேன்: "தொட்டறிபடம் 3-ஐ எடுத்து, இடப்பக்க மேல் மூலையிலிருந்து தொடங்குக." இடிக்கல. குவிலென்ஸ் கதிர்ப்படத்துக்கும் சரியா வருது. முப்பரிமாணத்துல செஞ்ச செல், மூலக்கூறு மாடல் எல்லாத்துக்கும் 'தொட்டறி மாதிரி'ன்னு அதே வேர்லயே போயிடலாம், புடைப்புல இது முடியாது.

மிச்சம் ரெண்டு சொல் இருக்கு. பெயர் குறிக்கற கோட்டுக்கு சுட்டுக்கோடுன்னு போடலாம்னு நெனைக்கறேன், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அந்த தனித்தாள்ல வர்ற 'கீ'க்குதான் (எந்த எழுத்து எந்த பாகம்னு சொல்ற பட்டியல்) சிக்கல், சாவின்னு எழுதாதீங்க, குறிவிளக்கம்னா கொஞ்சம் நீளமா தோணுது, பிரெய்ல்ல நீளம்னா தாள்ல இடம் போகும். சுருக்கமா ஏதாவது இருந்தா சொல்லுங்க.