தோட்டம் உண்டு, கூலி இல்லை: காலனியக் கதை சொல்லும் போர்டு கேம்களும் நம் அனுபவங்களும்

சென்னை

போர்டு கேம் ஆடுபவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். காலனியாதிக்கத்தைக் கதையாக வைத்த ஆட்டங்களில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். ஆடியது, ஆட மறுத்தது, மேசையில் வந்த பேச்சு, எதுவானாலும் சரி. நான் 'புவேர்ட்டோ ரிக்கோ'வில் தொடங்குகிறேன்.

ஜெர்மனியில் 2002-இல் வந்த ஆட்டம், ஆண்ட்ரியாஸ் சைஃபார்ட் வடிவமைத்தது. போர்டுகேம்கீக் இணையதளத்தின் தரவரிசையில் பல வருடம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் புகழுக்கு அது தகுதியானதுதான். ஒருவர் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் பலன் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் கிடைக்கும், எடுத்தவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அதனால் அடுத்தவர் பலகையைப் பார்க்காமல் ஒரு முறைகூட முடிவெடுக்க முடியாது.

நம் பலகையில் சோளம், அவுரி, கரும்பு, புகையிலை, காப்பி என்று தோட்டம் போடுவோம். தோட்டம் போட்டால் மட்டும் விளையாது. மேயர் பாத்திரத்தை யாராவது எடுத்ததும் கப்பலிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள். அடர்பழுப்பு நிறத்தில் சின்ன மர வட்டுகள். தோட்டத்தின்மேல் ஒரு வட்டு உட்கார்ந்தால்தான் அது உற்பத்தி செய்யும். ரூல் புக் அவர்களைக் 'குடியேறிகள்' என்கிறது.

ஒருமுறை என் நண்பரின் மகள் எங்களோடு ஆட உட்கார்ந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். விதிகளைக் கவனமாகக் கேட்டுக்கொண்டவள், தன் கரும்புத் தோட்டத்தில் வட்டை வைத்துவிட்டு, "அங்கிள், இவங்களுக்குக் கூலி எந்தக் கட்டத்துல கொடுக்கணும்?" என்றாள். கட்டடம் வாங்கக் காசு உண்டு, சரக்கு விற்றால் காசு உண்டு. கூலி என்று ஒரு விதியே கிடையாது. ரூல் புக்கைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிக் காட்டினோம். "அப்போ இவங்க அடிமைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வட்டை எடுத்தாள்.

ஸ்பெயினின் காலனியாக இருந்த புவேர்ட்டோ ரிக்கோ தீவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1873 மார்ச் 22-இல். அதற்குப் பிறகும் விடுதலையானவர்கள் மேலும் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வேண்டியிருந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஆள் வந்து இறங்குவதையும், கூலி இல்லாமல் உழைப்பதையும் ஆட்டம் அப்படியே காட்டுகிறது. அதன் பெயரை மட்டும் சொல்வதில்லை.

2022-இல் 'புவேர்ட்டோ ரிக்கோ 1897' வந்தது. ஸ்பெயின் அந்தத் தீவுக்குத் தன்னாட்சி கொடுத்த வருடம் அது. அடுத்த வருடமே அமெரிக்கா தீவைப் பிடித்துக்கொண்டது. புதிய பதிப்பில் நாம் அந்த மண்ணின் விவசாயிகள், வட்டுகள் தொழிலாளர்கள். ஆட்டத்தின் எலும்புக்கூடு பழையதுதான். ஆனாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் இந்தப் பெட்டியைத் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியும். அது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

ஹட்டன்

இலங்கையின் தேயிலை மலைகளில் இருக்கும் எனக்கு இது தூரத்துக் கதை இல்லை.

2018-இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று இலங்கையின் பழைய பெயரான 'சிலோன்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கொழும்பில் நண்பர் ஒருவர் வாங்கி வைத்திருந்தார். "உங்க ஊர் கேம்" என்று ஆசையாகக் கூப்பிட்டார். கோப்பி (காப்பி) நோயில் அழிந்த பிறகு தேயிலைத் தொழிலை வளர்த்தெடுத்த முன்னோடிகள், இதுதான் ஆடுபவருக்குத் தரப்படும் வேடம். தேயிலைத் தோட்டம் போட வேண்டும், மாவட்ட ஆலோசகர்களின் தயவைப் பெற வேண்டும், தொழில்நுட்பத்தை வளர்க்க வேண்டும், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத் தேயிலை கொடுக்க வேண்டும். பலகை பார்க்க அழகாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

கொழுந்து பறிப்பது அதில் ஒரு செயல். அட்டையைப் போட்டால் கொழுந்து வந்துவிடும். என் அம்மா கொழுந்து எடுத்தவர். காலையில் பனியில் நனைந்த கொழுந்தைக் கூடை நிறையக் கொண்டுபோய் தராசில் வைத்தால், ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு 'அரைப்பேர்', அதாவது பாதி நாள் சம்பளம். அவ்வளவும் ஓர் அட்டைக்குள் போய்விட்டது.

ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1869-இல் கோப்பியில் இலைத்துரு நோய் பரவத் தொடங்கி, மெல்ல மெல்ல மலைகள் முழுக்கத் தேயிலையானது. அந்தக் கோப்பிக்காகவே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காட்டை வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் அவர்கள்தான். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக ஆனார்கள். முன்னோடிகள் என்றால் அந்த வரிசையில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், சண்டை எதுவும் வரவில்லை. "சரி, தொழிலாளியைக் கொண்டுவந்தால் ஆட்டம் எப்படி மாறும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்றிரவு முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பறிப்புக்கும் கிலோ இலக்கு, இலக்கு குறைந்தால் முழுச் சம்பளமா அரைப்பேரா என்று ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும், அரைப்பேர் சேரச் சேர லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வேலைநிறுத்தம். எழுதிக்கூட வைத்திருக்கிறோம்.

கோயம்புத்தூர்

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். சதுரங்கத்தில் சிப்பாய்களைக் கூசாமல் வெட்டுகிறோம். எல்லா ஆட்டத்தையும் இப்படித் தோண்டினால் மிஞ்சுவது என்ன?

'ஃபைவ் ட்ரைப்ஸ்' 2014-இல் வந்தபோது அதில் அடிமை அட்டைகள் இருந்தன. எதிர்ப்பு வந்ததும் அடுத்த பதிப்பில் அவற்றை ஃபக்கீர் அட்டைகளாக மாற்றினார்கள். அட்டை செய்கிற வேலை ஒன்றுதான், படமும் பெயரும்தான் வேறு. இதனால் யாருக்கு என்ன கிடைத்தது? 2019-இல் ஜிஎம்டி என்ற ஆட்ட நிறுவனம், ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டதைக் கதையாக வைத்த 'ஸ்கிராம்பிள் ஃபார் ஆஃப்ரிக்கா' என்ற ஆட்டத்தை அச்சுக்குப் போகும் முன்பே கைவிட்டது. வெளியே வந்திருந்தால் ஆடிப் பார்த்துத் திட்டியிருக்கலாம். அந்த வாய்ப்பே இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

பெங்களூரு

கோவை நண்பரே, ஆடிப் பார்த்துத் திட்டுவதற்கென்றே ஒன்று இருக்கிறது: கோல் வெர்லியின் 'ஜான் கம்பெனி', 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு. பலவீனமான மனதோடு உட்காராதீர்கள்.

நாம் ஒவ்வொருவரும் ஓர் ஆங்கிலேயக் குடும்பம். கிழக்கிந்தியக் கம்பெனி எல்லோருக்கும் பொது. தலைவர் கடன் வாங்கிப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பார். வங்காளம், பம்பாய், சென்னை மூன்றுக்கும் தனித்தனி மாகாணத் தலைவர்கள். கம்பெனி நன்றாக நடந்தால்தான் நாம் வெல்வோம் என்பதில்லை. பையனை ஓய்வு பெறவைத்து இங்கிலாந்தில் மாளிகை வாங்குவதில்தான் புள்ளிகள். கம்பெனி திவாலானாலும் மாளிகை நம்முடையது.

எங்கள் மேசையில் சென்னை மாகாணம் ஒரு தம்பியிடம் இருந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. மைசூர்மீது படையெடுத்து, பகடையை உருட்டினான். இந்த ஆட்டத்தில் பகடை குறைந்த எண் காட்ட வேண்டும். ஒன்று விழுந்தது. மேசையே எழுந்து கத்தியது. கொள்ளையை யாருக்கு எவ்வளவு என்று பேரம் ஆரம்பித்தது. இரண்டு பேர் ஏற்கெனவே வாக்குறுதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார்கள், அவர்களுக்கும் பங்கு.

எங்களில் ஒருவருக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் சொந்த ஊர். அவரும் பங்கு கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்திவிட்டு, "1799-லயும் இப்படித்தான் உட்கார்ந்து பிரிச்சிருப்பாங்க" என்றார். உண்மை. கோட்டை விழுந்ததும் கொள்ளையைக் கணக்குப் போட்டுப் பதவிவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். திப்புவின் மரப்புலி லண்டனுக்குப் போய், இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த ஆட்டத்திலும் இந்தியர்கள் ஆடுவதில்லை. பிரதேசங்களாகவும் கோபுரங்களாகவும்தான் இருக்கிறார்கள். கம்பெனிக்காரன் தன் அறையிலிருந்து பார்த்த இந்தியா அது, வடிவமைத்தவர் தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார். பேராசை எப்படி நல்ல மனிதர்களையும் நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சாய்த்துவிடுகிறது என்பதை எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டதில்லை. எல்லோரோடும் ஆட மாட்டேன். முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன்.

டொராண்டோ

எங்கள் வீட்டில் 'ஸ்பிரிட் ஐலண்ட்' ஓடுகிறது. 2017-இல் வந்தது, எரிக் ராய்ஸ் வடிவமைத்தது. குடியேறிகளைத் தீவிலிருந்து துரத்துவதுதான் ஆட்டமே. நாம் அந்தத் தீவின் நதி, மின்னல், நிழல் போன்ற ஆவிகள். எல்லோரும் ஒரே அணி. வந்தவர்கள் முதலில் உளவு பார்ப்பார்கள், பிறகு ஊர் கட்டுவார்கள், பிறகு நிலத்தை நாசமாக்குவார்கள். இந்த வரிசை தவறாமல் வரும். ஒவ்வொரு சுற்றிலும் அடுத்து எந்த நிலம் என்று தெரிந்திருக்கும், ஆனாலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. படையெடுப்பவர்கள் வெள்ளை பிளாஸ்டிக், தீவின் மக்களான தஹான்களின் குடிசைகள் மரம்.

எதிரி நாடுகளில் ஒன்று பிராண்டன்பர்க்-பிரஷ்யா. என் மகள் அதைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, பிராண்டன்பர்க்காரர்கள் 1683-இல் இன்றைய கானாவின் கடற்கரையில் நிஜமாகவே கோட்டை கட்டினார்கள் என்று வந்து சொன்னாள். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் தவிர இன்னும் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று அதன்பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது.

ஒரு குறையும் உண்டு. நிலம் நாசமாகும்போது முதல் அடி வந்தவர்களுடையது, மிஞ்சிய தஹான்கள்தான் திருப்பி அடிப்பார்கள். மற்றபடி ஆவிகள் தூண்டினால்தான் அசைவார்கள். தங்களுக்காகத் தாங்களே முடிவெடுக்கும் மனிதர்களாக அவர்கள் இன்னும் ஆகவில்லை. இருந்தாலும் குழந்தைகளோடு ஆட நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

சென்னை

கோவை நண்பருக்கு: பெயரை மட்டும் மாற்றுவது பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதையே இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அலெக்சாண்டர் ஃபிஸ்டரின் 'மொம்பாசா' 2015-இல் வந்தது. ஆப்பிரிக்கா முழுக்க நான்கு கம்பெனிகள் வணிக நிலையங்களைப் பரப்பும், நாம் பங்குகளைச் சேர்ப்போம். அதே இயந்திரம் 2022-இல் 'ஸ்கைமைன்ஸ்' என்று நிலவுக்குப் போய்விட்டது. ஆட்டம் கெடவில்லை. அப்படியென்றால் அந்த ஆட்டத்துக்கு ஆப்பிரிக்கா ஒருநாளும் தேவைப்படவில்லை. வரைபடம் அழகாக இருக்கும், வாங்குபவருக்குப் பழகிய கதையாக இருக்கும் என்று எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு வருத்தம் இந்த அலட்சியத்தில்தான்.

சதுரங்கச் சிப்பாய்க்கு ஊர் கிடையாது. புவேர்ட்டோ ரிக்கோவின் வட்டுக்கும் சிலோனின் கொழுந்துக்கும் உண்டு. 'ஸ்கிராம்பிள்' போன்ற ஆட்டம் வரவே கூடாது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 1884-85 பெர்லின் மாநாட்டையும், ரப்பர் அளவு குறைந்ததற்குக் காங்கோவில் கைகளை வெட்டியதையும் பின்னணியில் வைத்துக்கொண்டு புள்ளி எண்ண வைப்பவர், அந்த மக்களுக்குப் பலகையில் என்ன இடம் என்பதை யோசித்துவிட்டுத்தான் பெட்டியை அச்சடிக்க வேண்டும். பெங்களூரு நண்பர் சொன்ன ஆட்டம் அதை யோசித்திருக்கிறது.

ஹட்டன் நண்பரே, நீங்கள் எழுதி வைத்த அரைப்பேர் விதிகளை அப்படியே இங்கே போடுங்கள். எங்கள் குழுவில் ஒருவரிடம் 'சிலோன்' இருக்கிறது. வேலைநிறுத்தம் எத்தனை அரைப்பேரில் தொடங்குகிறது, முடிவுக்குக் கொண்டுவர ஆடுபவர் என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வைத்தே ஆடிப் பார்க்கிறோம்.